காலியாக விட்ட முதல் இடம்

அத்தியாயம் 7

"பத்து நிமிஷம். தொடக்கூடாது, படம் எடுக்கக்கூடாது," என்றான் ஹாலிஸ் ரிட்ஜ்லி, வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்த ஓவியத்தைக் காட்டி.

"மூச்சு விடலாமா சார்? இல்ல, அதுக்கும் உங்க வக்கீல்கிட்ட எழுதி வாங்கணுமா?" என்று கேட்டான் மைலோ டீக்.

ஹாலிஸ் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பான் என்று மைலோவும் எதிர்பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் அந்த ஆளின் சட்டையைப் பிடித்துவிடுவோமோ என்ற பயம்தான் அவனை அப்படிப் பேசவைத்தது. துப்பறியும் ஹேட்டி ப்ரூயிட்டிடம் உதவியாளனாகச் சேர்ந்த ஆறு வருஷத்தில் எத்தனையோ கேஸ் பார்த்துவிட்டான். எதிலும் இப்படி வயிறு எரிந்ததில்லை.

எரியாமல் என்ன செய்யும்? இதே வர்ஜீனியாவில், இங்கிருந்து இருபது மைல் தள்ளி, மருத்துவர்கள் கைவிட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் வெண்டல் சொரெல் கல்லீரல் புற்றுநோயோடு கிடக்கிறார். வயது அறுபத்தைந்து. நாற்பத்து நான்கு வருஷங்களுக்கு முன், வியட்நாமில் ஒரு குன்றின் மேல், அவர் ரேடியோக்காரர். ஒரே ராத்திரியில் அந்தக் குன்றில் பதினோரு பேர் செத்தார்கள். 'சொரெல் ரேடியோவைப் போட்டுவிட்டு ஓடினான், அதனால்தான் உதவி வரவில்லை' என்று எழுதிக் கொடுத்தவர் கேப்டன் ஏமஸ் ரிட்ஜ்லி. கேப்டனுக்கு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது, பிறகு கர்னல் பதவியும். சொரெலைப் பட்டாளத்திலிருந்து அவமானத்தோடு துரத்தினார்கள்.

சொரெலுக்கு இப்போது ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. செத்தவர்களில் நாலு பேர் படுத்திருக்கும் ராணுவக் கல்லறையில், பெட்டி மேல் கொடி போர்த்தி, தன்னையும் படுக்கவைக்க வேண்டும். ஓடிப்போனவன் என்ற களங்கம் இருக்கும்வரை அது நடக்காது. அதைத் துடைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் விசாரணை இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு. மகள் நடீன் ஒரு வருஷம் அலைந்து வாங்கிய தேதி அது.

நேற்று சாயங்காலம் ஹாலிஸ் அதன் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டான். போன மாதம் இறந்துபோன தன் அப்பா, அந்தக் கர்னலின் குலச்சின்ன ஓவியத்துக்குப் பின்னால், அரக்கு முத்திரை வைத்து மூடிய ஒரு கடிதம் கிடைத்ததாம். 1972-ல் எழுதியது. சொரெல் ஓடியதைக் கண்ணால் கண்டேன் என்று கர்னல் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். சம்பவம் நடந்து இரண்டே வருஷத்தில் யாருக்கும் காட்டாமல் மூடிவைத்த கடிதம் பொய் சொல்லுமா என்ன?

ஹேட்டி ஓவியத்தின் முன்னால் கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றார். ஐம்பத்தெட்டு வயது. ராணுவ போலீஸில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர். ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைதான் என்று அளந்து பேசுகிறவர்.

கன்றுத்தோலில் வரைந்த படம். நீலக் கேடயம், அதன் குறுக்கே வெள்ளி நதி, மேலே மூன்று ஓக் இலைகள். அடியில் ஒரு பட்டையில் தங்க எழுத்தில் 1972. கேடயத்தின் கீழ் விளிம்பிலிருந்து, நாடாக்களில், நான்கு பதக்கங்கள் தொங்கின. வெண்கல நட்சத்திரம், ஊதா இதயம், விமானப் பதக்கம், பாராட்டுப் பதக்கம்.

"என்ன சீஃப் இது, பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு?" என்றான் மைலோ. "நாலும் வலது பக்கமா ஒதுங்கி நிக்குது. இடது ஓரத்துல ஒண்ணு விழுந்துட்ட மாதிரி."

"ஓவியரோட ரசனை," என்றான் ஹாலிஸ் வெடுக்கென்று.

ஹேட்டி திரும்பினார். "உங்க கார்டு ஒண்ணு கிடைக்குமா?"

ஹாலிஸ் பெருமையோடு எடுத்துக் கொடுத்தான். தடித்த அட்டையில் அதே நீலக் கேடயம், பொடியாக. அதன் கீழே ஐந்து பதக்கங்கள். முதல் இடத்தில் வெள்ளி நட்சத்திரம்.

"நீங்க எந்தப் படைப்பிரிவு?"

"நானா? நான் ரியல் எஸ்டேட்."

"அப்ப இந்தப் பதக்கம்?"

"குடும்பத்தோடதுங்க மேடம். அடுத்த மாசம் புதுப் பாலத்துக்கு அப்பா பேரு வைக்கறாங்க. கல்வெட்டுலயும் இதேதான் வரப்போகுது."

"கேடயம் பிள்ளைக்கு வரும் மிஸ்டர் ரிட்ஜ்லி. பதக்கம் வராது. அது சம்பாதிச்ச ஆளோடயே போயிடும்."

ஹாலிஸின் காது சிவந்தது. ஹேட்டி அதற்குள் சுவரில் மாட்டியிருந்த புகைப்படத்துக்குப் போய்விட்டார். சீருடையில், நெஞ்சில் பதக்கங்களோடு, இளம் கேப்டன் ரிட்ஜ்லி. கீழே 1971 என்று எழுதியிருந்தது. அதன் முன்னால் அவர் ரொம்ப நேரம் நின்றார். பிறகு மறுபடி ஓவியத்தைப் பார்த்தார், மறுபடி புகைப்படத்தை.

"நன்றி. எட்டு நிமிஷமே போதும்."

காரில் ஏறியதும் மைலோ பொட்டலத்தைப் பிரித்தான். காலையில் வாங்கிய, பன்றி இறைச்சி வைத்த ஹாம் பிஸ்கட். ஆறிப்போயிருந்தது. ஒன்றை ஹேட்டியிடம் நீட்டினான், அவர் வாங்கவில்லை. இவன் இரண்டையும் தின்றான்.

"போட்டோவுல ஊதா இதயம் எங்க இருந்துச்சு?" என்று கேட்டார் ஹேட்டி.

"கடைசில."

"ஓவியத்துல?"

"ரெண்டாவது. வெண்கலத்துக்குப் பக்கத்துல. ஏன் சீஃப், வரைஞ்சவரு இஷ்டத்துக்கு மாத்திட்டாரா?"

"பதக்க வரிசையை யாரும் இஷ்டத்துக்கு மாத்த முடியாது. உசந்தது முதல்ல, அப்புறம் அடுத்தது. நெஞ்சுல குத்தினாலும் அப்படித்தான், கேடயத்துல தொங்கவிட்டாலும் அப்படித்தான். அடிபட்டவங்களுக்குக் குடுக்கற ஊதா இதயம் ரொம்ப காலம் கீழதான் இருந்துச்சு, விமானப் பதக்கத்துக்கும் பாராட்டுப் பதக்கத்துக்கும் அப்புறம். சட்டம் போட்டு வெண்கல நட்சத்திரத்துக்கு அடுத்ததா தூக்கி வெச்சாங்க."

"எப்ப?"

"1985."

மைலோ மெல்வதை நிறுத்தினான். "அப்ப 1972-ல வரைஞ்சதா சொல்ற படத்துல..."

"பதிமூணு வருஷம் கழிச்சு வந்த வரிசை இருக்கு. பட்டாளத்துல ஒரு நாள் இருந்தவன்கூட அதுல 1972-ன்னு எழுதியிருக்க மாட்டான். ஹாலிஸ் இருந்ததில்ல."

"அடிச்சோம் பாரு!" மைலோ ஸ்டியரிங்கைத் தட்டினான். "நேரா விசாரணைக்குப் போயி அவன் மூக்கை உடைச்சிடலாம்."

"உடையாது. பழைய படம் நைஞ்சு போச்சு, அப்புறமா புதுசா வரைஞ்சாங்க, கடிதம் மட்டும் பழசுன்னு பூசி மெழுகிடுவான். வரைஞ்ச ஆளு வேணும். வலது மூலைல சின்னதா ஒரு கொக்கு போட்டிருந்துச்சு, பார்த்தியா?"

பார்த்திருந்தான். அந்தக் கொக்கு அவனுக்குத் தெரிந்த கொக்கு, ஓர் ஓவியரின் கையெழுத்து. துப்பறிய வருமுன் உள்ளூர்ப் பத்திரிகையில் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, நீதிபதிகள், தளபதிகள் வீட்டுச் சின்னங்களையெல்லாம் வரைந்து தரும் ஆம்ப்ரோஸ் லெக்கியை ஒரு தடவை படம்பிடித்திருக்கிறான். கிழவர் கேமராவைப் பார்க்கவே மறுத்துவிட்டார். அந்தப் படத்தில் அவருடைய முன்வழுக்கை மட்டும்தான் விழுந்தது.

கடிகாரம் பத்து ஐம்பது காட்டியது. நடீனிடமிருந்து காலை எட்டு மணிக்கு ஒரு செய்தி வந்திருந்தது: 'நான் நேரா விசாரணைக்கு வந்துடறேன்.' அவ்வளவுதான்.

லெக்கியின் பட்டறை, படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்றின் பின்கட்டில் இருந்தது. எண்பது வயதுக் கிழவர், மூக்குக் கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, ஒரு சிங்கத்தின் வாலுக்குச் சிவப்பு தீட்டிக்கொண்டிருந்தார்.

"ரிட்ஜ்லியா? ஞாபகம் இல்லீங்க மேடம். நூத்துக்கணக்குல வரைஞ்சிருக்கேன்."

"1972-ல வரைஞ்சீங்களா?"

"இருக்கலாம்."

"முன்பக்கத்துல தங்க எழுத்துல வருஷம் போட்டிருக்கீங்க."

கிழவரின் தூரிகை நின்றது. "நானா? முன்பக்கத்துல வருஷமா? நான் என்ன காலண்டரா அடிக்கறேன்?"

மைலோவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

ஹேட்டி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். "வெள்ளி நட்சத்திரத்தை விட்டுட்டீங்க."

கிழவர் மறுபடி சிங்கத்து வாலுக்குத் தூரிகையைக் கொண்டுபோனார்.

"கர்னலுக்கு இருந்ததுலயே உசந்த பதக்கம். அதை மட்டும் விட்டுட்டு, மத்த நாலையும் தொங்கவிட்டு, முதல் இடத்தை நாடா அகலத்துக்கு அளந்து காலியா வெச்சிருக்கீங்க. மறந்துட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க. சிங்கத்து வாலுக்கே பூதக்கண்ணாடி மாட்டற ஆளு நீங்க."

லெக்கி பூதக்கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து, கதவோரமிருந்த மர அலமாரியின் அடித்தட்டைத் திறந்தார். வரைந்த ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு உறை, பெயர் வரிசையில்.

"ஒருத்தரோட சின்னத்துல பதக்கம் கூடுதலா இருந்தா ஓவியனைத் திருடன்னு சொல்லுவாங்க. குறைஞ்சா குடிகாரன்னு சொல்லுவாங்க," என்றார். "அதனால எங்கிட்ட ஒரு வழக்கம். பதக்கம் போடணும்னா பட்டாளத்துக் காகிதம் கொண்டு வரணும். இருக்கற பதக்கத்தை விடணும்னா, சொந்தக்காரரே ஏன்னு தன் கையால எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். முப்பது வருஷத்துல விடச்சொல்லி வந்தவரு ஒரே ஒருத்தர்தான்."

உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஹேட்டி அதைப் படித்துவிட்டு மைலோவிடம் நீட்டினார். நடுக்கமில்லாத, பெரிய பெரிய கையெழுத்து.

'என் கேடயத்தின் கீழே வெள்ளி நட்சத்திரத்தைத் தொங்கவிட வேண்டாம் என்று நானே கேட்டுக்கொள்கிறேன். அது எனக்குக் கிடைத்த இரவில் குன்றைவிட்டு ஓடியவன் நான். விடியும்வரை ரேடியோவில் உதவி கேட்டுக்கொண்டிருந்தவன் வெண்டல் சொரெல். முதல் இடம் காலியாக இருக்கட்டும். அது என்னுடையது அல்ல. ஏமஸ் ரிட்ஜ்லி, மார்ச் 1996.'

மைலோ இரண்டு தடவை படித்தான். காலையிலிருந்து மனசுக்குள் கர்னலை எத்தனையோ பெயர் சொல்லித் திட்டியிருந்தான். இப்போது எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியவில்லை.

"இதையே விவரமா நாலு பக்கம் எழுதிக் கொண்டு வந்தாரு," என்றார் லெக்கி. "கையால எழுதினது, தட்டச்சு இல்ல. நானே படத்துக்குப் பின்னாடி வெச்சு அரக்கு ஊத்தினேன். நான் செத்தப்புறம் பிள்ளை பிரிச்சுப் படிப்பான், அவன் சரி பண்ணிடுவான்னாரு."

"பிள்ளை பிரிச்சான், படிச்சான்," என்றார் ஹேட்டி. "அதை எடுத்துட்டு, அப்பா கையெழுத்தைப் போலியாப் போட்ட வேற ஒண்ணை வெச்சு, மறுபடி அரக்கு ஊத்திட்டான். கூடவே ஒரு வருஷத்தையும் எழுதிட்டான்."

"நீங்க ஏன் சார் சொல்லல?" மைலோவின் குரல் அவனுக்கே முரட்டுத்தனமாகக் கேட்டது. "பதினெட்டு வருஷம்! அந்த மனுஷன் உசிரோட இருந்தாரு. இருபது மைல் தூரத்துல."

கிழவர் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்த இடம் ஏன் காலியா இருக்குன்னு யாராவது கேட்டா சொல்லு, கேக்கலன்னா சும்மா இருன்னு கர்னல் சொன்னாரு. வரவேற்பறையில மாட்டியிருந்தாங்க. தளபதிங்க வந்தாங்க, கவர்னர் வந்தாரு, பத்திரிகைக்காரங்க வந்தாங்க. நானும் ஒவ்வொரு வருஷமும் காத்துக்கிட்டிருந்தேன் தம்பி. யாரும் கேக்கல."

"அப்ப கர்னல் ரெண்டாவது தடவையும் ஓடிட்டாரு," என்றான் மைலோ. இதை அவன் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

ஹேட்டி எழுந்தார். "கோட்டை எடுத்துக்குங்க மிஸ்டர் லெக்கி. எங்க கூட வரப்போறீங்க."

வழியில் மைலோ நடீனுக்கு ஃபோன் போட்டான். விஷயத்தைச் சொல்லி முடித்தான்.

"நடீன்? கேட்டீங்களா? உங்க அப்பா ஓடல. கர்னலே எழுதியிருக்காரு. இல்லத்துக்கு ஃபோன் பண்ணி அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"அவரு... தூங்கறாரு," என்றாள் நடீன். "எழுப்ப வேண்டாம். நீங்க சீக்கிரம் வாங்க."

அப்பாவின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் தயங்குகிறாள் என்று மைலோ நினைத்துக்கொண்டான்.

விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த தலைவர், நரைத்த மீசைக்காரர், ஓய்வுபெற்ற காலாட்படை அதிகாரி. ஓவியத்தை ஒரு தாங்கியில் நிறுத்தியிருந்தார்கள். முன்வரிசையில் நடீன், நாற்பது வயது, மருத்துவமனைத் துணி துவைக்கும் வேலை. கறுப்புச் சட்டை போட்டு, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஹேட்டி எழுந்து ஹாலிஸிடம் ஒரே கேள்வி கேட்டார். "இந்த ஓவியம் 1972-ல முடிஞ்சது, கடிதம் அன்னிக்கே உள்ள போச்சு. உறுதியா?"

"உறுதியா. முத்திரையை வக்கீல் முன்னாடிதான் உடைச்சேன்."

"ஐயா," ஹேட்டி தலைவரிடம் திரும்பினார், "நீங்க பட்டாளத்துக்காரர். அந்தப் பதக்கங்களை இடதுலேர்ந்து வரிசையாச் சொல்றீங்களா?"

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார். "வெண்கல நட்சத்திரம். ஊதா..." என்று தொடங்கியவர் அப்படியே நின்றார். குனிந்து அந்தத் தங்க எழுத்துகளைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "எனக்கு ஊதா இதயம் கிடைச்சது 1968-ல மிஸ்டர் ரிட்ஜ்லி. பதினேழு வருஷம் அதைக் கடைசில குத்திக்கிட்டிருந்தேன். 72-ல இது எப்படி ரெண்டாவது இடத்துக்கு வந்துச்சு?"

ஹாலிஸின் முகத்தில் ஈயாடவில்லை. "அது... ஓவியர் தப்பா..."

"தப்பெல்லாம் நான் வரையல," என்ற குரல் பின்வரிசையிலிருந்து வந்தது. லெக்கி எழுந்து, கையில் தாளோடு, மெதுவாக முன்னால் நடந்தார். "நான் இதை வரைஞ்சது 96-ல. அந்த வருஷத்தை எழுதினது என் கை இல்ல. முதல் இடம் ஏன் காலியா இருக்குன்னு இந்த அம்மாதான் கேட்டாங்க. கேட்டதால சொல்றேன்."

தலைவர் தாளைச் சத்தமாகப் படித்தார். 'அது என்னுடையது அல்ல' என்ற இடத்தில் அவர் குரல் இறங்கியது.

ஹாலிஸ் தன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். மைலோ காலையிலிருந்து காத்திருந்த காட்சி இதுதான். ஆனால் இப்போது பார்க்கச் சகிக்கவில்லை.

"நாலு பக்கம் எழுதியிருந்தாரு," என்றான் ஹாலிஸ் யாரையும் பார்க்காமல். "அடுப்புல போட்டுட்டேன். ஆறு வயசுல அவரு தோள் மேல உக்காந்து பரேடு பார்த்தவன் நான். அவரு ஓடினாருன்னு... நான் எப்படிங்க அதைச் சரி பண்றது?"

மூன்று அதிகாரிகளும் தலையைச் சேர்த்து ஐந்து நிமிஷம் பேசினார்கள். பிறகு தலைவர் எழுந்தார். வெண்டல் சொரெலின் களங்கத்தை நீக்கி, பட்டாளத்திலிருந்து மரியாதையான விடுவிப்பு வழங்குவதாக முடிவு. மூன்று பேரும் ஒரே மனதாக. எழுத்தர் பதிவு செய்து முத்திரை குத்தும்வரை நடீன் அசையவில்லை. அவள் கண் அந்த முத்திரையின் மேலேயே இருந்தது.

"போங்கம்மா," என்றார் தலைவர் கனிவாக. "வெளிய போயி முதல்ல உங்க அப்பாவுக்கு ஃபோன் பண்ணுங்க. இந்தச் செய்தியை நீங்கதான் சொல்லணும்."

நடீன் எழுந்து நின்றாள்.

"அப்பா காலைல ஆறு இருபதுக்கே போயிட்டாரு சார்," என்றாள். "சொன்னா விசாரணையைத் தள்ளிப் போட்டுடுவீங்களோ, ஆளே இல்லன்னு ஃபைலை மூடிடுவீங்களோன்னு பயந்துட்டேன். அதான் சொல்லல. மன்னிச்சுக்குங்க."

மைலோவுக்கு அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தை நினைவுக்கு வந்தது. 'தூங்கறாரு.' அவளிடம் ஃபோனில் எவ்வளவு உற்சாகமாகப் பேசினோம் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது.

தலைவர் தன் இடத்தில் விறைப்பாக நின்றார். மற்ற இருவரும் எழுந்தார்கள். நடீன் கைப்பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்தாள்.

"கொடிக்கு ஏதோ ஃபாரம் எழுதணும்னாங்க. வெள்ளிக்கிழமை அடக்கம். இப்பவே குடுத்தா எழுதிடுவேன்."

எழுத்தர் ஓடிப்போய் ஃபாரத்தைக் கொண்டு வந்தார். நடீன் மேஜை ஓரத்தில் குனிந்து நின்று நிரப்பினாள். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. கை நிதானமாக இருந்தது. 'பெற்ற பதக்கங்கள், வரிசைப்படி' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"இதுல என்ன எழுதறது மேடம்?" என்று ஹேட்டியைப் பார்த்தாள். "வியட்நாம் போன எல்லாருக்கும் குடுத்தாங்களே, அந்தச் சேவைப் பதக்கம்தான் அப்பாகிட்ட இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

ஹேட்டி அவள் தோளில் கையை வைத்தார். ஆறு வருஷத்தில் அவர் குரல் உடைந்து மைலோ கேட்டதில்லை. இன்றுதான் கேட்டான்.

"அதை ரெண்டாவது வரில எழுதும்மா. முதல் வரியைக் காலியா விடு. வெள்ளி நட்சத்திரத்துக்கு நான் நாளைக்கே மனு போடறேன்."

நடீன் தலையாட்டினாள். முதல் வரியை விட்டுவிட்டு, இரண்டாவது வரியில் எழுத ஆரம்பித்தாள்.